பக்ருதீன் பாயின் பரிசுப் படம்

தேரடி வீதியில் என் பாத்திரக் கடைக்கு அடுத்தது பக்ருதீன் பாயின் மூக்குக்கண்ணாடிக் கடை. கொரோனா ஊரடங்கில் இரண்டு ஷட்டரும் இறங்கியதும் எனக்குத் தூக்கம் வாய்த்தது, அவருக்குப் படமெடுக்கும் பைத்தியம் பிடித்தது. மச்சான் சவுதியிலிருந்து கொண்டுவந்து பீரோவில் போட்டிருந்த கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆளில்லாத கோபுர வாசல், பௌர்ணமியன்று வெறிச்சோடிய கிரிவலப் பாதை, நடுரோட்டில் பேன் பார்க்கும் குரங்குகள் என்று தினமும் வாட்ஸ்அப்பில் வரும். நாங்களும் சும்மா இல்லாமல் ‘சூப்பர் பாய்’ என்று ஏற்றிவிட்டோம். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து தக்காளி சாதப் பொட்டலம் கட்டி கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை கிராமத்தில் கொடுத்துவந்தோம். பணம் போட்டவர்களுக்குக் காட்டப் படம் வேண்டுமே! ஒருநாள் பாயையும் வேனில் ஏற்றிக்கொண்டோம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கேமரா, கலெக்டர் தோற்றார்.

வரிசையில் முதல் ஆளாக அருணாதேவி நின்றாள். கிரிவலம் வருகிறவர்களுக்குச் சுக்குக் காபி விற்று, ஒற்றை ஆளாக மகள் கவியாவைப் பத்தாவது வரை கொண்டுவந்தவள். கிரிவலத்துக்குத் தடை வந்ததும் பிழைப்பு நின்றுபோயிற்று.

பாய் கேமராவைத் தூக்கினார், இறக்கினார். “முகமே தெரியல. மாஸ்க்கைக் கொஞ்சம் எறக்குங்கம்மா” என்றார்.

அவள் என் கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், இறக்கினாள்.

அந்தப் படத்தைப் பாய் ஒரு போட்டிக்கு அனுப்ப, சென்னையில் ஏதோ ஒரு சங்கம் முதல் பரிசு கொடுத்தது. சான்றிதழை எல்லோருக்கும் அனுப்பினார், படத்தோடு பேஸ்புக்கிலும் போட்டார். படம் ஊரெல்லாம் சுற்றி, கடைசியில் கவியாவின் வகுப்பு வாட்ஸ்அப் குழுவுக்கே போய்ச் சேர்ந்தது. நல்லது செய்வதாக நினைத்து ஒரு டீச்சரே போட்டாராம். அன்றிலிருந்து கவியா ஆன்லைன் வகுப்புக்குப் போனைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் திறந்தாலும் போகமாட்டேன், படித்தது போதும் என்று சொல்லிவிட்டாள்.

கடைகள் திறந்த வாரம் அருணாதேவி வந்தாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பாய்க்குத் தேவலையாக இருந்திருக்கும். விஷயத்தைச் சொல்லி, படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். பாய் அங்கேயே அழித்தார், டீச்சருக்கும் போன் போட்டு அழிக்கச் சொன்னார். அதோடு வாயை மூடியிருக்கலாம்.

“வேணாம்னு அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார்.

“மூஞ்சியக் காட்டினாத்தான் சோறு குடுப்பீங்கனு நெனச்சேன் பாய்.”

அவள் போனபிறகும் பாய் தலை நிமிரவில்லை. கண்ணாடி மாட்டிப் பார்க்க வந்த ஒரு பெரியவரைச் சாயங்காலம் வரச்சொல்லிவிட்டு, எதிரில் இருந்த ஆளுயரக் கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தார். எனக்கும் வெட்கமாக இருந்தது. பொட்டலத்தை நீட்டிய கை என்னுடையதுதானே.

மறுநாள் மனைவி சுல்தானாவைக் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்கே போனார். கேட்காமல் போட்டது என் தப்பு, படிப்பை விட்டுடாதம்மா என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் கைகூப்பியிருக்கிறார். கவியா குனிந்த தலை நிமிராமல் ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

“வரிசையில எங்கம்மாவுக்குப் பின்னாடி நின்னவங்க போட்டோவும் உங்ககிட்ட இருக்கா அங்கிள்?”

திரும்பி வந்தவர் கடைக் கம்ப்யூட்டரில் அன்று எடுத்த படங்கள் எல்லாவற்றையும் திறந்தார். அழிப்பதற்குத்தான். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

“நான் எத்தினி பேரை மாஸ்க்க எறக்கச் சொன்னேன்?”

“அந்தம்மா ஒருத்தரத்தான்” என்றேன்.

திரையை என் பக்கம் திருப்பினார். கம்பு ஊன்றிய கிழவர், கைக்குழந்தைக்காரி, காவி கட்டிய சாமியார் என்று படத்துக்குப் படம் ஆள் மாறிக்கொண்டே வந்தது. ஒருவர் விடாமல் எல்லோரும் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, கேமராவைப் பார்த்துக்கொண்டு, கையை நீட்டி நின்றிருந்தார்கள்.