மூன்று பீப்பாய்களும் என் சுருக்கெழுத்து நோட்டும்

1. சனிக்கிழமை காலை பதினோரு மணி

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபத்தாறு வருடம் ஸ்டெனோவாக இருந்தேன். அதில் ஒரே ஒரு நாள் விஸ்கி ஊற்றினேன். என் வேலைப் பட்டியலில் அது இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மில்லுக்கு ஆர்டர் குறைந்து, மூன்றாம் ஷிப்டை நிறுத்தி இரண்டு மாதமாகியிருந்தது. அந்தச் சமயத்தில் ஹாரிஸ் என்ற அமெரிக்கர் வந்தார். காலுறை பின்னுகிற கம்பெனிக்கு நூல் வாங்குபவர். மூன்று நாள் மில்லைச் சுற்றிப் பார்த்தார், நூல் சுற்றிய கோன்களை எடுத்துத் தட்டிப் பார்த்தார், லேப் ரிப்போர்ட்டுகளை இரண்டு முறை படித்தார். ஒப்பந்தத்தை டைப் அடித்து ஃபைலில் வைத்துவிட்டேன். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

அன்று காலை எம்.டி. என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் மூன்று அட்டைப் பெட்டிகள் இருந்தன.

"ஸ்டெல்லா, நோட்டை எடுத்துக்கிட்டு கெஸ்ட் ஹவுசுக்கு வா. செத்த நேர வேலைதான்."

பெட்டிக்கு ஒன்றாக, ஹாரிஸ் ஊரிலிருந்து கொண்டுவந்த மூன்று அரை பாட்டில்கள். போர்பன் என்றார்கள். மக்காச்சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறவைக்கிற விஸ்கியாம். பொதுவாகப் பல பீப்பாய்ச் சரக்கைக் கலந்துதான் பாட்டிலில் அடைப்பார்கள். இது அப்படியில்லை. ஒரு பீப்பாயில் இருப்பது மட்டும் ஒரு பாட்டிலில். லேபிளில் பீப்பாய் நம்பர், நிரப்பிய வருடம், கிட்டங்கியில் எந்தத் தளத்தில் இருந்தது என்பதெல்லாம் பேனாவால் எழுதியிருந்தது. ஒன்று எண்பத்து மூன்றில் நிரப்பியது, ஒன்று எண்பத்தாறு, ஒன்று எண்பத்தெட்டு. மூன்றையும் ஒரே மாதத்தில் பாட்டிலில் அடைத்திருந்தார்கள்.

ஹாரிஸ் பிறந்த ஊரில் அவருடைய மாமா இதே மாதிரிக் கிட்டங்கியில் வேலை பார்த்தவராம். லேபிளைப் பார்க்காமலே எது பழசு, எது புதுசு என்று தன்னால் சொல்ல முடியும் என்றார். நீங்களும் ருசித்துப் பாருங்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்தால் ஊரில் போய் நண்பர்களிடம் காட்டுவேன் என்றார். எழுத ஆள் வேண்டும். ஊற்றுகிறவருக்கு எது எந்த வருடம் என்று தெரிந்திருக்க வேண்டும், ஆனால் அவர் குடிக்கக் கூடாது. இந்த இரண்டு தகுதியும் அந்த மில்லில் எனக்குத்தான் இருப்பதாக எம்.டி. முடிவு செய்துவிட்டார்.

"சார், எங்க வீட்ல தெரிஞ்சா..." என்றேன்.

"நீ குடிக்கவா போற? எழுதத்தான போற."

நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

2. டீ கிளாஸ்

கெஸ்ட் ஹவுஸில் எவர்சில்வர் டம்ளர்தான் உண்டு. ஹாரிஸ் கண்ணாடிதான் வேண்டும் என்றார். கேன்டீனிலிருந்து ஒன்பது டீ கிளாஸ் கொண்டுவந்து, மூன்று தடவை கழுவிய பிறகும் ஏலக்காய் வாசம் போகவில்லை. நான்காம் தடவை கழுவினேன். பின்கட்டில் பாட்டில்களைப் பேப்பரில் சுற்றி, கிளாஸ்களின் அடியில் நம்பர் ஒட்டினேன். எண்பத்தாறுக்கு ஒன்றாம் நம்பர், எண்பத்தெட்டுக்கு இரண்டாம் நம்பர், எண்பத்து மூன்றுக்கு மூன்றாம் நம்பர். நோட்டில் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டேன். மில்லில் பஞ்சைச் சோதிக்கிற லேப்பிலிருந்து ஒரு அளவுக் குழாய் வாங்கி வந்து, எல்லாவற்றிலும் ஒரே அளவாக ஊற்றினேன். ஊற்றும்போதே பார்த்தேன். இரண்டாம் நம்பர்தான் நல்ல கருப்பட்டி நிறம். மூன்றாம் நம்பர் அதைவிட வெளுப்பு.

ருசித்தவர்கள் மூன்று பேர். ஹாரிஸ், எம்.டி., அப்புறம் ஸ்பின்னிங் மாஸ்டர் குருசாமி. குருசாமி மம்சாபுரத்துக்காரர். பஞ்சைக் கிள்ளி இழுத்துப் பார்த்தே எந்த ஊர்ப் பஞ்சு என்று சொல்லிவிடுவார் என்பதால் அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். மேனேஜர் சங்கரலிங்கம் வயிற்றுப்புண் என்று சொல்லிவிட்டார்; நான் ஊற்றியதைப் பின்கட்டு வாசலில் நின்று பார்த்தவர், இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

ஹாரிஸ் ஒவ்வொன்றுக்கும் நீளமாகச் சொன்னார். வெண்ணிலா, காய்ச்சிய சர்க்கரை, தோல் பெட்டி என்று வந்துகொண்டே இருந்தது. நான் எழுதிக்கொண்டே போனேன். கடைசியில் இரண்டாம் நம்பர் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, இதுதான் மூத்தது, வயதை மறைக்க முடியாது என்றார். மூன்றாம் நம்பர் சின்னப் பையன் என்றார்.

எம்.டி. இரண்டாம் நம்பரை ஒரு வாய் குடித்துவிட்டு, "ரெண்டுதான் பழசு. சந்தேகமே இல்ல" என்றார். மற்ற இரண்டையும் தள்ளி வைத்தார்.

குருசாமி மூன்றையும் இரண்டு சுற்று குடித்தார். பிறகு, "மூணாம் நம்பருதான் பழசு" என்றார்.

"எப்பிடிச் சொல்ற?" என்றார் எம்.டி.

"வருசக்கணக்கா பூட்டிக் கெடந்த மர பீரோவத் தெறந்தா ஒரு வாடை வரும்லா மொதலாளி? அது இதுல இருக்கு. ரெண்டாவதுல கரி வாடைதான் இருக்கு."

எம்.டி. சிரித்தார். "குருசாமி, கலரைப் பாத்தாத் தெரியலயா?"

"கண்ணால பாத்தா நீங்க சொல்லுதது சரிதான். வாயில வச்சா அப்பிடித் தெரியலயே."

எம்.டி. இதை ஆங்கிலத்தில் ஹாரிஸிடம் சொன்னார். ஹாரிஸும் சிரித்தார். குருசாமி கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"சரி ஸ்டெல்லா, வாசி" என்றார் எம்.டி.

நான் நோட்டைப் புரட்டினேன். அப்போது காதுக்குப் பின்னால் சங்கரலிங்கத்தின் குரல் கேட்டது. "ஏம்மா, ரெண்டையும் மூணையும் மாத்தி வாசி. பேப்பரு இன்னும் கையெழுத்தாகல."

அவர் அவ்வளவு பக்கத்தில் இருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திடுக்கிட்டதில் முழங்கை பட்டு ஒரு கிளாஸ் என் மடியில் கவிழ்ந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சேலையை உதறிக்கொண்டே எழுந்து வாசித்தேன்.

"ஒன்றாம் நம்பர் எண்பத்தாறு. இரண்டாம் நம்பர் எண்பத்து மூன்று. மூன்றாம் நம்பர் எண்பத்தெட்டு."

ஹாரிஸ் மேஜையைத் தட்டினார். எம்.டி. அவருக்குக் கை கொடுத்தார். சங்கரலிங்கம் அடுத்த நிமிடமே பின்கட்டுக்குப் போய், பாட்டில்களைப் பெட்டிக்குள் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார். அவர் ஒரு காரியத்தை அம்புட்டு வேகமாகச் செய்து நான் பார்த்ததில்லை. குருசாமி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஷிப்ட் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது.

3. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்

சேலையைத் தண்ணீர் விட்டுக் கசக்கியும் வாடை போகவில்லை. சாயங்கால பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா இரண்டு ஸ்டாப் வரைக்கும் பொறுத்தார். பிறகு எழுந்து, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தார். எங்கள் சர்ச்சில் பாட்டுக் குழுவில் இருப்பவர். கண்டக்டர் டிக்கெட்டை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

என் வீட்டுக்காரர் தேவராஜ் நகராட்சித் தண்ணீர்த் தொட்டியில் பம்ப் ஆபரேட்டர். வாசலில் உட்கார்ந்து சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் தாண்டிப் போகும்போது நிமிர்ந்து மோந்து பார்த்தார்.

"ஏட்டி, குடிச்சியா?"

"இல்ல."

"பொறவு?"

"பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் டியூபைக் கீழே வைத்தார். முழுவதையும் சொன்னேன். பஸ்ஸில் எழுந்து நின்ற அம்மாவைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. குருசாமியைப் பற்றிச் சொன்னபோது இன்னும் அதிகமாக வந்தது. அந்த மனிதர் சரியாகச் சொன்னார். அத்தனை பேர் முன்னால் அவரை முட்டாளாக்கியது நான்.

"அந்தம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றார் தேவராஜ். "அவுக வீட்டுத் தெருவுக்குத் தண்ணி தொறந்து விடுதது நாந்தான். மத்தது ஒன் வேல. நீதான் பாக்கணும்."

4. டைப் அடித்தது

ஹாரிஸ் கேட்ட குறிப்பைத் திங்கட்கிழமை டைப் அடிக்க வேண்டும். அவர் ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் ஃபேக்ஸ் போயிருக்க வேண்டும். பேப்பரை டைப்ரைட்டரில் மாட்டினேன். பிறகு நோட்டில் இருந்ததை இருந்தபடியே அடித்தேன். அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன்: சனிக்கிழமை வாசித்தபோது இரண்டாம், மூன்றாம் எண்களை மாற்றி வாசித்துவிட்டேன், தவறு என்னுடையது. என் பெயரையும் போட்டு எம்.டி. மேஜையில் வைத்தேன்.

பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்.

"இதை அடிச்சது யாரு?"

"நான்தான் சார்."

"அன்னைக்கு வாசிச்சது?"

"அதுவும் நான்தான் சார்."

"ரெண்டுல எது சரி?"

"இது சார்."

"அவுனா?" என்றார், அப்படியா என்று தெலுங்கில். வீட்டில் பேசுகிற தெலுங்கு ஆபீசில் அவர் வாயில் வந்தால் கோபம் என்று அர்த்தம். "யாரு மாத்தச் சொன்னா?"

சங்கரலிங்கம் ரெஜிஸ்டரில் எதையோ தேடிக்கொண்டு கதவருகில் நின்றார். "வாசிச்சது நான்தான் சார்" என்றேன்.

எம்.டி. எழுந்து போய் சங்கரலிங்கத்திடம் கெஸ்ட் ஹவுஸ் பீரோ சாவியை வாங்கி, பாட்டில்களைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றையும் ஜன்னலில் வரிசையாக வைத்துப் பார்த்தார். எண்பத்தெட்டு கருப்பாக இருந்தது. எண்பத்து மூன்று வெளுப்பாக இருந்தது. லேபிள்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"அவன் ஆர்டரை ரத்து பண்ணிட்டா?"

"தெரியல சார்."

"மூணாவது ஷிப்ட் ஆளுகளுக்கு நீ பதில் சொல்லுவியா?"

எம்.டி. பேப்பரை டிராயரில் போட்டு மூடினார். நான் என் இடத்துக்குப் போய் ராஜினாமாக் கடிதம் எழுதி, அதையும் என் டிராயரில் போட்டு மூடினேன். இரண்டு நாள் இப்படியே போனது.

புதன்கிழமை காலை எம்.டி. என் மேஜைக்கே வந்தார். நான் அடித்த பேப்பர் அவர் கையில் இருந்தது, அதில் அவருடைய கையெழுத்தும் இருந்தது.

"குருசாமிக்குத் தெரியுமா?"

"நான் சொல்லல சார்."

"மொதல்ல போய் அவன்ட்ட சொல்லிட்டு வா. பொறவு ஃபேக்ஸ் போடு."

5. ரிங் ஃபிரேம் பக்கத்தில்

ஸ்பின்னிங் டிபார்ட்மென்டுக்குள் காதில் வாய் வைத்துப் பேசினாலும் கேட்காது. குருசாமி ஓடிக்கொண்டிருந்த ரிங் ஃபிரேம் என்கிற நூற்பு மெஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் மாத்தி வாசிச்சிட்டேன்" என்றேன்.

"என்னது?"

"மாத்தி வாசிச்சிட்டேன்!"

"எத மாத்தணும்?"

"பொய் சொல்லிட்டேன் அண்ணாச்சி! நீங்க சொன்னதுதான் சரி!"

நான் அடித் தொண்டையிலிருந்து கத்திய அதே நேரத்தில் கழிவு எடுப்பதற்காக அந்த வரிசை மெஷின்களை மொத்தமாக நிறுத்தினார்கள். அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எம்.டி. அறையில்கூட அவ்வளவு வெட்கப்பட்டதில்லை.

குருசாமி கையிலிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டார். "தெரியும்மா. ருசி பாத்தவனுக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "லேபிள்ல எந்தத் தளம்னு போட்டிருந்துச்சா?" என்று கேட்டார்.

போட்டிருந்தது. எண்பத்து மூன்று கீழ்த் தளம். எண்பத்தெட்டு மேல் தளம்.

"அதாம் விசயம். கூரைக்குக் கீழ சூடு ஜாஸ்தி. மரத்துச் சாயம் வெரசா எறங்கிரும். கீழ குளிர்ச்சில கெடந்தது மெதுவா ஊறும். நம்ம கோன் கோடவுன்லயும் அப்பிடித்தான, மேலடுக்கு ஒரு கதி, கீழடுக்கு ஒரு கதி. கலரு பொய் சொல்லும்மா."

என்னைச் சொல்கிறாரோ என்று பார்த்தேன். அவர் விஸ்கியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கோவமா அண்ணாச்சி?"

"அன்னைக்கு இருந்துச்சி. இப்ப இம்புட்டுப் பேரு முன்னால கத்திட்டியே. பொறவு என்ன கோவம்?"

6. பதில்

ஃபேக்ஸ் அன்று மத்தியானம் போனது. எட்டு நாள் பதில் இல்லை. சங்கரலிங்கம் என்னோடு பேசுவதை நிறுத்தினார். ஒன்பதாம் நாள் இரண்டு வரி வந்தது. முதல் வரி: முதல் கன்டெய்னரைத் திட்டப்படி அனுப்பவும். இரண்டாம் வரி: இனி அனுப்புகிற ஒவ்வொரு நூல் லாட்டின் டெஸ்ட் ரிப்போர்ட்டிலும் இந்தக் குறிப்பை அடித்தவரின் கையெழுத்து இருக்க வேண்டும். போர்பன் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாம் ஷிப்ட் அடுத்த மாதம் திறந்தது. அன்றிலிருந்து ரிடையர் ஆகும்வரை ஏற்றுமதி லாட் ஒவ்வொன்றின் லேப் நோட்டையும் ரிப்போர்ட்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். இது ஸ்டெனோ வேலை இல்லையே என்று ஒரு தடவை எம்.டி.யிடம் கேட்டேன். "நீயா இழுத்து விட்டுக்கிட்டது" என்றார். அது நியாயம்தான்.

இப்போது ஆபீஸ் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். அன்று அந்த அறையில் சுருக்கெழுத்து படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நான் எதை வாசித்தாலும் அதுதான் நடந்தது என்று ஆகிவிடும். முதலாளிக்குக்கூட அந்த அதிகாரம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அன்றுவரை பத்து வருடமாக அந்த அதிகாரம் என் கையில் இருந்திருக்கிறது. எழுதச் சொன்னதை எழுதுகிறவள்தானே நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.