முதலை பன்

எழுபதுகளின் கடைசியில் நான் நாயுடுபுரத்தில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மேல்மலையில் பூண்டு போடும் குடும்பம் எங்களுடையது. மண்ணைவிட மாவு பிடித்துப்போனதால் டவுனுக்கு வந்துவிட்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது.

ஒரு காலையில் கம்பளிக் குல்லாவும் மீசையில் பனித்துளியுமாக ஒருவன் வந்து, ஒரு ராத்தல் பாண் வேண்டும் என்றான். இரண்டு சொல்லும் எனக்குப் புரியவில்லை. வெற்றிலை பாக்கெல்லாம் பக்கத்துக் கடையில் என்றேன். அவன் சிரித்துக்கொண்டே ஒரு முழு ரொட்டியைக் காட்டினான். சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு இங்கே அனுப்பப்பட்டவனாம். இப்போது ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் வேலை. அந்தச் சிரிப்பைப் பார்த்ததில் ரொட்டியைத் தாளில் சுற்றாமலே நீட்டிவிட்டேன்.

பிறகு அடிக்கடி வந்தான். அவன் வருகிற நேரத்துக்குச் சரியாக நான் அடுப்படியை விட்டு முன்னால் வந்து நிற்பேன். ஒருநாள், அங்கே முதலை மாதிரி நீளமாக ஒரு பன் கிடைக்கும், மேலே சர்க்கரை மொறுமொறுவென்று ஒட்டியிருக்கும், அதை நினைத்தால் இன்னும் நாக்கு ஊறுகிறது என்றான். அவ்வளவுதான், எனக்கு வேறு சோலி ஓடவில்லை.

முதலாளி வீட்டுக்குப் போன பிறகு மிச்ச மாவில் செய்து பார்த்தேன். முதலில் வந்தது தவளை. அடுத்தது வாலில்லாத பல்லி. இரண்டையும் அவன் வாய்விட்டுச் சிரித்தபடியே சாப்பிட்டான். மாவை முக்கோணமாகத் தேய்த்து, வெண்ணெய் தடவி, இறுக்கிச் சுருட்டினால் இரண்டு முனையும் கூர்மையாக வரும் என்று ஒருவழியாகப் பிடிபட்டது. அன்று அவன் சிரிக்கவில்லை. வெகுநேரம் மென்றான். மீதிப் பாதியை என் வாயருகே நீட்டினான். கையெல்லாம் மாவாக இருந்ததால் அவன் கையிலிருந்தே கடித்தேன். என் காது சூடாகிவிட்டது.

"ஞாயித்துக்கெழம நம்ம வீட்டுக்கு வாங்க. ரொட்டி சுட்டுத் தாறேன்," என்றான்.

ரொட்டி சுடுகிறவனையே ரொட்டிக்குக் கூப்பிடுகிறானே என்று நினைத்தேன். அவர்கள் பேச்சில் பாண் என்றால்தான் நம் ரொட்டி என்பதும், ரொட்டி என்றால் தேங்காய் போட்டுத் தட்டிக் கல்லில் சுடுவது என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

ஞாயிறு வெள்ளனே எழுந்து, இருந்த இரண்டு சட்டையையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஊரிலிருந்து வந்த பூண்டில் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய ஓடினேன். தோட்டத்தின் ஓரத்தில் அவனுக்கு ஒற்றை அறை; குடும்பம் வேறொரு தோட்டத்தில் இருந்தது. காய்ந்த மிளகாயும் சின்ன வெங்காயமும் அம்மியில் அரைபட்டுக்கொண்டிருந்தன. சுடச்சுட ரொட்டியைப் பிய்த்து அந்தச் சம்பலைத் தொட்டு வாயில் வைத்ததும் கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் கொட்டியது. ஆனாலும் இன்னொன்று கேட்டேன்.

அவன் கல்லை விட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ரொட்டி தீய்ந்துகொண்டிருந்தது.

"நீங்க சாப்புடுறத இப்புடியே பாத்துக்கிட்டு இருக்கணும் போல இருக்கு. எப்பவும்," என்றான்.

 அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீங்க, வாங்கன்னு சொல்றத விடு," என்றேன். "நீன்னு சொல்லு."

அவன் மெதுவாக ஒருமுறை, "நீ," என்றான். வீட்டுக்கு வந்த வழி எனக்கு ஞாபகமே இல்லை.

மழைக்காலம் முடிந்ததும் நாயுடுபுரத்தில் இருவருமாக ஒரு வீடு பிடித்தோம். அக்கம்பக்கத்தில் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி என்று அவர்களே முடிவு செய்துகொண்டார்கள், நாங்களும் மறுக்கவில்லை. குடிவந்த அன்றே எங்களுக்குள் முதல் சண்டை. ரசத்துக்குத் தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும் என்று அவன் நின்றான். நான் விடவில்லை. அடுப்பு ஒன்றுதான், ஆளுக்கொரு சட்டி ரசம் வைத்தோம். சாப்பிட்டு எழுந்தபோது, அவன் சட்டியை நானும் என் சட்டியை அவனும் காலி செய்திருந்தோம்.