இடது கன்னத்து அடி

என் மகளுக்குப் பதினாலு வயது. பேச்சு வரவில்லை. விவரம் தெரியாத வயதிலிருந்தே கையால் தலையில் அடித்துக்கொள்வாள். வலது பக்கம் நாலு, இடது பக்கம் நாலு. போன தையில் அந்த அடி வெறி பிடித்ததுபோல் ஆகிவிட்டது. எல்லாம் இடது கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும்தான். கண் டாக்டர் பார்த்துவிட்டு, இடது கண்ணில் விழித்திரை விலகத் தொடங்குகிறது, இப்படியே அடிபட்டால் பார்வை போய்விடும் என்றார். அன்றிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை.

மதுரைக்கு மூளை டாக்டரிடம் ஓடினோம். அவர் சொன்னார்: "அவ பிடிவாதம் இல்லம்மா இது. ஒண்ணையே திரும்பத் திரும்பச் செஞ்சா, போதும்னு நம்ம மூளை நிறுத்திரும். இவளுக்கு அந்த நிறுத்துற வேலை வேற மாதிரி நடக்குது."

"பிரேக்கு லேட்டாப் பிடிக்குதுங்கிறீங்க" என்றார் என் வீட்டுக்காரர். போடிமெட்டு ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பு ஓட்டுகிறவர், வேறெப்படிப் பேசுவார்!

டாக்டர் சிரித்துவிட்டு, "ஆனா அடி திடீர்னு கூடுனா வேற வலி இருக்கான்னும் பாருங்க" என்றார். மூளைதான் காரணம் என்றான பிறகு வேறென்ன வலி என்று அதை நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு எல்லாம் தெரியும் என்கிற திமிர்.

நான் போடியில் ஒரு கடையில் ஏலக்காய் தரம் பிரிக்கிறேன். எங்களுக்கு வயிற்றுப் பொருமலுக்கும் ஏலக்காய்தான், அழுகிற பிள்ளையை அமர்த்தவும் ஏலக்காய்தான். ஒதுக்கித் தள்ளும் வெடிப்புக் காயைக் கேட்டு வாங்கி முந்தியில் முடிந்து வருவேன். அவள் கை ஓங்கினால் வாயில் ஒன்று. மெல்லும்வரை அடி நிற்கும். "பாத்தீகளா, எந்த டாக்டரு சொன்னாரு இத?" என்று வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

ஆடியில் ஒருநாள் காலை. சாரல். நான் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அவள் விடாமல் குத்துகிறாள். காயைக் கொடுத்தால் துப்பிவிட்டுக் குத்துகிறாள். மூக்கில் ரத்தம்.

"எங்கிட்டாவது செத்துத் தொலையேண்டி!" என்று கத்திவிட்டேன். பெற்ற வாயால் சொன்னேன்.

வீட்டுக்காரர் ஜீப்பை விட்டுவிட்டு ஓடி வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார். "அப்பா இருக்கேன்த்தா, அடிக்காதத்தா" என்று கெஞ்சினார். அவள் வாயைப் பிளந்து அலறினாள். குப்பென்று சீழ் நாற்றம்.

"ஏய், போன் லைட்ட வெரசாக் கொண்டா!"

லைட்டை அடித்துப் பார்த்தேன். இடது கடைவாய்ப்பல்லில் குழி. அதற்குள் ஏலக்காய்த் தோல் நார் நாராக அடைந்து கிடந்தது. ஈறு வீங்கிச் சீழ் கட்டியிருந்தது.

தேனியில் மயக்கம் கொடுத்துப் பல்லைப் பிடுங்கினார்கள். அந்த வாரத்திலேயே இடது கன்னத்துக் குத்து நின்றது. கண்ணுக்கு லேசர் வைத்தார்கள், பார்வை தப்பியது. தலையில் அடித்துக்கொள்கிற பழைய வழக்கம் போகவில்லை, அது மூளையோடு வந்தது, இருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை.

என் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லி அழுதவள் நான். ஏழு மாதம் அவள் வலிக்கிற இடத்தைத் தொட்டுத் தொட்டுச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் நான்தான் அவள் வாயை அடைத்திருக்கிறேன்.