வெர்னா தூக்கிய கை

வெர்னா ஹ்ரிசாக்கைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவள் என்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் எரிச்சலோடு சொல்வேன். நல்லவர்களோடு ஒரு நிர்வாகக் குழுவில் உட்கார்ந்து பாருங்கள், ஏன் என்று தெரியும்.

எங்கள் ஜூனியர் ஐஸ் ஹாக்கி அணிக்கு முதலாளி கிடையாது. ஊருக்கே சொந்தம். ஒன்பது பேர் கொண்ட குழு நடத்துகிறது, வெர்னாவும் நானும் அதில் இரண்டு பேர். பையன்கள் பதினாறு வயதில் வெளியூர்களிலிருந்து வருவார்கள், ஊர்க்காரர் வீடுகளில் தங்கி விளையாடுவார்கள், இருபது முடிந்ததும் போய்விடுவார்கள். வெர்னாவின் கணவர் மைரன் இறந்து பதினோரு வருடம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டப் பருவத்திலும் அவள் வீட்டில் ஒரு பையன் இருந்தான். ஒரே மகள் மலைகளுக்கு அப்பால், கடலோரத்தில். வாரம் ஒரு போன். பையன்கள் இல்லாத கோடை மாதங்களில் சமையலறையில் ஒரு ரேடியோ, கூடத்தில் ஒரு ரேடியோ வைத்துவிடுவாளாம், இரண்டு பேர் பேசிக்கொள்கிற மாதிரி இருக்குமாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவன் கோல்பி. வடக்கே ஆறு மணி நேரத் தொலைவில் ஒரு பண்ணைவீட்டுப் பையன். முதல் இரண்டு வாரம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். வெர்னா காதில் விழாதவள்போல மாவு பிசைந்தாள். பிறகு பழகிவிட்டான். உருளைக்கிழங்கு வைத்து அவள் அவிக்கும் கொழுக்கட்டை, பெரோகி, அதை ஒரே மூச்சில் முப்பது தின்பான், வாசல் பனியைச் சொல்லாமலே வாரித் தள்ளுவான். அவள் நடையே மாறிவிட்டது. நான் கேலி செய்தேன்.

"என்ன வெர்னா, ரெண்டு கூடை காய்கறி வாங்குறே? வீட்டுல யானை கட்டியிருக்கியா?"

"பொறாமையா இருந்தா நீயும் ஒண்ணு கட்டேன் டெல்மர். உன் சமையலுக்கு எலி கூடத் தங்காது."

அவன் வந்த இரண்டாவது வருடம் ஜனவரி. மற்ற அணிகளோடு வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாளுக்கு முந்தின நாள். அணி மேலாளர் டெர்வின் எங்களை அரங்கத்தின் மாடி அறைக்குக் கூப்பிட்டார். வோசார் என்று ஓர் இருபது வயதுக்காரன், கோல் மன்னன், வேறோர் அணியிலிருந்து கிடைப்பானாம். பதிலுக்கு அடுத்த மூன்று வருடம் புதுப் பையன்களில் முதல் ஆளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுக்க வேண்டும். கூடவே கோல்பியையும்.

"நாற்பத்திரெண்டு வருஷமா ஒரு கோப்பை இல்ல," என்றார் டெர்வின். "இந்த வருஷம் விட்டா இன்னும் நாற்பது வருஷம்."

"விதைக் கோதுமைய அரைச்சு ரொட்டி சுடுறியா?" என்று நான் கத்தினேன். "அடுத்த வருஷம் எதை விதைப்பே?"

கை தூக்கச் சொன்னார்கள். நான்கு பேர் சரி, நான்கு பேர் கூடாது. வெர்னா மட்டும் மீதி. கோல்பி அவள் வீட்டுப் பையன் என்பதால் டெர்வின் மரியாதையாகச் சொன்னார்: "நீங்க வேணா வெளியில இருக்கலாம் வெர்னா. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

அவள் எழுந்திருக்கவில்லை. சரி என்று கை தூக்கினாள்.

வாகன நிறுத்தத்தில், கார் எஞ்சின் உறையாமலிருக்கச் செருகிய மின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம்.

"நிஜமாவே இது நல்ல யோசனைன்னு நினைக்கிறியா?"

"இல்ல. முட்டாள்தனம்."

"அப்புறம் ஏன்?"

"அவன் வேற யார் வீட்டுலயாவது இருந்தா கூடாதுன்னுதான் சொல்லியிருப்பேன். என் வீட்டுல இருக்கான். கூடாதுன்னா, கிழவி தன் துணைக்காக ஊர்க் கோப்பைய மறிச்சான்னு ஆயிடும். ஊர் சொல்றது கிடக்கட்டும், எனக்கே அப்படித்தான் தோணும்."

எங்கள் ஊர் நியாயம் இப்படித்தான். தனக்கு வேண்டியது என்றால் அது தப்பாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுவோம்.

மறுநாள் கோல்பிக்குக் கிளம்ப இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். வெர்னாதான் அவன் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். சாயங்காலமே வோசார் அந்தக் கட்டிலுக்கு வந்தான், ஊரில் காலியாக இருந்தது அது ஒன்றுதான். மரியாதையான பையன். போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். மே மாதம் கோப்பை வாங்கிக் கொடுத்தான். லாரிகளில் ஊர்வலம், ஹாரன் சத்தம். நான்கூட அழுதேன், பொய் சொல்வானேன். மூன்றாம் நாள் வோசார் போய்விட்டான்.

செப்டம்பரில் வெர்னாவுக்கு ஒரு பையனை அனுப்புவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்றாள். "ஒருத்தனை அனுப்பிவச்ச கையால இன்னொருத்தனுக்கு எப்படிப் பரிமாறுறது?" என்றாள் என்னிடம். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் வீட்டு வாசல் பனியில் அவள் காலடி மட்டும்தான். அணி வரிசையாகத் தோற்றது.

நவம்பரில் ஒரு ஞாயிறு மதியம் கோல்பியின் புது அணி இங்கே ஆட வந்து எங்களை ஏழுக்கு ஒன்று என்று துவைத்தது. ஆட்டம் முடிந்ததும், பழைய பையன்களுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு பஸ் பக்கத்தில் நிற்பது இங்கே வழக்கம். வெர்னா ஒரு டப்பா பெரோகியோடு நின்றாள். தனியாக நிற்க மாட்டேன் என்று என்னையும் இழுத்து வந்திருந்தாள்.

கோல்பி ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டான். வளர்ந்திருந்தான்.

"ஓட்டுப் போட்டாங்கன்னு அப்புறம்தான் கேள்விப்பட்டேன் வெர்னா. நீங்க எனக்காக எவ்வளவு சண்டை போட்டிருப்பீங்க!"

பேசாமல் இரு என்று நான் அவள் முழங்கையை இடித்தேன். கேட்பாளா?

"இல்லப்பா. அஞ்சாவது கை என்னோடதுதான்."

அவன் விலகி நின்றான். உதடு வெள்ளையாகிவிட்டது. "அப்போ எனக்காக யாரு நின்னாங்க?" என்றான்.

"இதோ, டெல்மர்," என்றாள்.

உண்மையில் நான் அவனுக்காக நிற்கவே இல்லை. அந்த மூன்று வருடத் தேர்வு உரிமைக்காக நின்றேன். அன்று மாடி அறையில் அவன் பெயர்கூட என் வாயில் வரவில்லை. அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் அவன் கையுறையைக் கழற்றி என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"தேங்க்ஸ் சார்," என்றான். டப்பாவை வாங்காமல் பஸ்ஸில் ஏறிப் போனான்.

அவன் குலுக்கிய அதே கையைத் தூக்கி நான் பஸ்ஸுக்கு டாட்டா காட்டினேன்.