தையலைத் தொட்டுப் பார்த்தவர்கள்

தொண்ணூறுகளில் என் வீட்டுக்காரர் அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் என்றதும் கம்பெனியில் போட்டு வைத்திருந்த இன்சூரன்ஸ் கைகொடுத்தது. புண்ணை யாரும் தொடக் கூடாது, சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்.

சொன்னது யாரிடம்? தையலே பிழைப்பாக இருக்கிற ஊர்க்காரர்களிடம். பார்க்க வந்த டெய்லர்களும் துணியில் குறை தேடும் செக்கிங் பெண்களும் சாத்துக்குடிப் பையைக் கீழே வைத்த கையோடு, "தையல் எப்படிப் போட்டிருக்கறாங்க மாஸ்டர், காட்டுங்க" என்றார்கள். இந்த மனிதரும் ஏதோ மெடல் வாங்கியவர் மாதிரி பேண்டேஜை விலக்கிக் காட்டினார். "இஞ்சுக்குத் தையல் கம்மியா இருக்குதுங்களே" என்று ஒருவர் விரலை வைத்து அளந்தார். இன்னொருவர் நூல் தாங்குமா என்று முடிச்சை இழுத்தே பார்த்துவிட்டார். நான் கத்தினேன். "பீஸைத் தொடாம எப்படீங்க்கா பாக்கறது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

இரண்டே நாளில் அவருக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. தையல் வாயில் சீழ். மறுபடி ஆஸ்பத்திரி. ஆள் பிழைப்பாரா என்றே தெரியவில்லை. அறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தவள்தான், அவருடைய சொந்தத் தாய்மாமனைக்கூட உள்ளே விடவில்லை. "என்ற மாப்பிள்ளையப் பாக்க உன்ற உத்தரவு வேணுமா?" என்று மாமன் துண்டை உதறிக்கொண்டு போனார்.

அடுத்து வந்தவர் இன்சூரன்ஸ் ஆபீசர். புண்ணை அவர் நேரில் பார்த்து எழுதினால்தான் இந்தச் செலவும் இன்சூரன்சில் சேரும். "காட்டுங்கம்மா" என்று உள்ளே நுழையப் பார்த்தார்.

"வாசல்லயே நின்னு பாருங்க சார்."

முறைத்தார். அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் என் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போயிருக்கும். ஆனாலும் நான் நகரவில்லை. உள்ளே நர்ஸம்மா கட்டைப் பிரித்தார். எட்டிப் பார்த்த ஆபீசருக்கு முகம் வெளுத்துவிட்டது. "போதும்மா, எழுதிக்கறேன்" என்று சுவரைப் பிடித்தபடி திரும்பினார். செலவு முழுக்க இன்சூரன்சிலேயே போயிற்று.

ஒருவழியாகக் காய்ச்சல் விட்டது. கண்ணைத் திறந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்புள்ள, என்னையப் பாக்க ஒருத்தருமே வரலியா?"

"இல்லீங்க."

அவருக்கு முகம் தொங்கிப்போனது. தொங்கட்டும், இப்படிக் கேட்க ஆள் உயிரோடு இருக்கிறாரே என்று எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.