போடுவதற்கு ஒரு ஆள் போதும்

கல்யாணமாகி என் தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்காத மாதம் அது. இரத்தோட்டையிலிருந்து பஸ் ஏறி, மாத்தளை டவுனில் இருக்கிற வங்கிக்கு நானும் என் கணவரும் போனோம். இரண்டு பேர் பெயரிலும் ஒரு சேமிப்புக் கணக்குத் திறப்பது அவருடைய யோசனை. தோட்டங்களில் மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்கிற வியாபாரம் அவருக்கு. கையில் காசு நின்றால் அடுத்த நாளே மிளகு மூட்டையாகிவிடும். நான் உக்குவளைப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் தைத்த உடுப்புகளின் தரம் பார்க்கிற வேலையில் இருந்தேன். இரண்டு பேர் காசும் ஓரிடத்தில் சேர்ந்தால் சின்னதாக ஒரு வீடு கட்டலாம் என்று ஆசை.

கவுண்டரில் இருந்தவர் மாத்தளை முஸ்லிம் ஒருவர். ஆள் மெலிவு, குரல் மட்டும் ஏலம் கூவுகிறவர் குரல். விண்ணப்பத்தில் ஓரிடத்தில் பேனாவை ஊன்றிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"தங்கச்சி, இதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்டு, ரெண்டு பேர்ல யாரும் தனியா வந்து சல்லி எடுக்கலாம். ஒருத்தர் மௌத்தாயிட்டா மத்தவருக்குச் சேரும். மத்தது, ரெண்டு பேரும் ஒண்டா வந்து சைன் வெச்சாத்தான் எடுக்கலாம். எது போட?"

மௌத் என்றால் மரணம் என்று மாத்தளையில் தெரியாத தமிழர் இல்லை. புதுத் தாலியோடு நிற்கிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

"அந்தப் பேச்சே வேணாங்க. ரெண்டு பேரும் வர்றதையே போடுங்க."

"யோசிச்சுச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேரும் வரணும்."

"வருவோம்."

என் கணவர் சிரித்தார். "அவ சொன்னா சரிதாங்க. காசு போடுறதுக்கும் ரெண்டு பேர் வரணுமா?"

"போட ஒரு ஆள் போதும். எடுக்கத்தான் ரெண்டு பேர்" என்றார் அவர்.

அப்படித்தான் அந்தக் கணக்குத் திறந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று பிறகு எத்தனையோ பேர் சொன்னார்கள். நான் அப்படி நினைத்ததில்லை.

மாதத்துக்கு ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு வங்கிக்குப் போவேன். அவர் எங்கே மிளகு வாங்கிக்கொண்டிருந்தாலும் வந்துவிடுவார். பிள்ளை இல்லாத வீடு எங்களுடையது. எங்களுக்கு அதுதான் திருவிழா, அதுதான் பயணம். வங்கிப் புத்தகத்தையும் நிரப்பிய துண்டுச் சீட்டையும் கவுண்டரில் கொடுத்துவிட்டு, எதிரே கிடக்கிற நீள மர வாங்கில் உட்காருவோம். வேலை முடிந்ததும் அந்த மனிதர் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, அதில் முதலாவதாக இருக்கிற பெயரைக் கூப்பிடுவார். கணக்கில் என் கணவர் பெயர்தான் முதலாவது. அந்தக் குரல் வங்கியைத் தாண்டி ரோட்டுக்கே கேட்கும். இரண்டு பேரும் எழுந்து போவோம். கையொப்பம் வைத்துவிட்டு, மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கம் ஒரு கடையில் கொத்து ரொட்டி சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வீட்டுக்கு வருவோம்.

என் கணவர் பெயரை நான் சொன்னதே கிடையாது. நான் வாயில்லாப் பூச்சி அல்ல. தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்களே என்னிடம் பார்த்துத்தான் பேசுவார்கள். ஆனால் என் அம்மா ஒரு நாளும் அப்பாவின் பெயரைச் சொன்னதில்லை, எனக்கும் நாக்கு அப்படியே பழகிவிட்டது. "இங்க பாருங்க", "உங்களத்தான்", இவ்வளவுதான் அவருக்கு என்னிடம் பெயர். அதை வைத்து என்னைக் கேலி செய்வது அவருக்குப் பெரிய பகிடி.

"ஒரே ஒரு தடவ பேரச் சொல்லு. இன்னொரு கொத்து வாங்கித் தர்றேன்."

"உங்க பேரக் கூப்பிடத்தான் பேங்க்ல சம்பளம் குடுத்து ஆள் வெச்சிருக்காங்களே. எனக்கு எதுக்கு அந்த வேல?"

இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லியே வருடங்கள் போயின. வீட்டுக்கு அத்திவாரம் போட்டோம், சுவர் எழுப்பினோம். கூரைக்குக் காசு சேர்த்துக்கொண்டிருந்தோம்.

போர் முடிய இன்னும் இரண்டு வருடம் போல இருக்கையில், மிளகு கொண்டு கொழும்புக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மத்தியானம் பக்கத்துக் கடைக்கு ஃபோன் எடுத்து, "சாயங்கால பஸ்ல ஏறிடுவேன், சோறு வெச்சிரு" என்றார். அன்று இருட்டுவதற்குள் அவர் தங்குகிற லொட்ஜை வளைத்து, இருந்த தமிழ் ஆண்கள் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். சிலர் அடுத்த நாள் வந்தார்கள், சிலர் அடுத்த மாதம் வந்தார்கள். அவர் வரவில்லை. யார் கொண்டுபோனது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்ட இடமெல்லாம் தெரியாது என்றார்கள். நானும் என் தம்பியும் பொலிஸ், முகாம், அலுவலகம் என்று ஏறி இறங்கினோம். தம்பி சிங்களத்தில் அவர் பெயரைச் சொல்வான். நான் அவருடைய அடையாள அட்டையின் போட்டோக் கொப்பியை நீட்டுவேன். பேச வேண்டிய இடத்தில்கூட என் வாயிலிருந்து அந்தப் பெயர் வரவில்லை. வந்தால் அழுதுவிடுவேன், அழுதால் அவர் இல்லை என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பயந்தேன்.

சம்பள நாள் வந்தது. பழக்க தோஷம், வங்கிக்குப் போய்ப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு வாங்கில் உட்கார்ந்தேன். விஷயம் தெரியாத அந்த மனிதர் எப்போதும் போலப் பெயரைக் கூப்பிட்டார். பக்கத்து இடத்தைப் பார்த்தேன். மறுபடியும் கூப்பிட்டார். நான் மட்டும் எழுந்து போனேன்.

"மாப்புள எங்க, தங்கச்சி?"

சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். காசு எடுக்க முடியாது என்பதை அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. கொண்டுபோன கொஞ்சத்தைப் போட்டுவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் பாவம், என் மனம் நோகக் கூடாது என்று என் பெயரைக் கூப்பிட்டார். எனக்கு வந்த ஆத்திரம்! கவுண்டருக்குப் போய், "ஏன் நானா என் பேரக் கூப்பிட்டீங்க?" என்றேன். எங்கள் பக்கம் முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் சொல்வோம்.

"இல்ல தங்கச்சி, ஒங்களுக்கு..."

"எப்பவும் போலக் கூப்பிடுங்க. கணக்கு இன்னும் ரெண்டு பேர்லதான் இருக்கு."

அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து, எனக்கு முன்னால் நின்றுகொண்டே, முழுச் சத்தத்தோடு என் கணவர் பெயரைக் கூப்பிட்டார். அன்றிலிருந்து ஒரு மாதமும் மாற்றவில்லை.

வீட்டில் யாரும் அந்தப் பெயரை எடுப்பதில்லை. சொந்தக்காரர் "அவரு" என்பார்கள், தெருவில் "உங்க வீட்டுக்காரர்" என்பார்கள், பிறகு அதுவும் நின்றுபோனது. உலகத்தில் ஒரே இடத்தில் மட்டும், பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருக்கிற ஆளைக் கூப்பிடுவது போல அவரைக் கூப்பிட்டார்கள். அதைக் கேட்கத்தான் நான் மாதா மாதம் பஸ் ஏறினேன்.

இதற்கிடையில் தொழிற்சாலையில் சம்பளத்தைக் கவரில் கொடுப்பதை நிறுத்தினார்கள். எல்லோரும் ஒரு புது வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும், சம்பளம் நேராக அதில் விழும் என்றார்கள். நானும் தனியாக ஒன்று திறந்தேன். ஒரு கார்ட் தந்தார்கள். மெசினில் செருகினால் காசு வரும், யாரும் யாரையும் கூப்பிடத் தேவையில்லை. கண்டியில் கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்த தம்பிக்கு இதில் தலைகால் புரியாத சந்தோஷம். கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்த் திரையில் என் கணக்கைக் காட்டினான்.

"இனி பேங்குக்கே போகத் தேவல்ல அக்கா. இங்கிருந்தே அந்தப் பழைய கணக்குக்கும் காசு அனுப்பலாம். பாரு." இரண்டு மூன்று தடவை தட்டினான். "போயிருச்சு."

"எங்க போச்சு?"

"அந்தக் கணக்குக்குத்தான்."

"யாரு வாங்குனது?"

அவன் என்னைப் பார்த்தான். திரையில் அந்தக் கணக்குக்கு வெறும் இலக்கம்தான் இருந்தது.

அவனுக்கும் பொறுமை எவ்வளவு நாளைக்கு இருக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தான். கூரை இல்லாத அறைக்குள் தண்ணீர் நின்றதைப் பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினான். கிராம சேவகரைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இவ்வளவு காலம் காணாமல் போன ஆளுக்கு மரணச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறதாம், நான் கையொப்பம் வைத்தால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வாராம்.

"அது வெறும் பேப்பர்க்கா. அதக் குடுத்தா பழைய கணக்க மூடிட்டு எல்லாத்தையும் புது பேங்குக்கு மாத்திடலாம். கூரை போடலாம். உங்க ரெண்டு பேரு காசுதானே?"

"ரெண்டு பேரு காசுன்னா ரெண்டு பேரும் போய் எடுத்துக்கிறோம்."

"அக்கா, அவரு வரமாட்டாரு."

அதுவரை ஒருவரும் என் முகத்துக்கு நேரே சொல்லாததை அவன் சொல்லிவிட்டான். சொன்னவன்தான் முதலில் அழுதான். நான் அழவில்லை. "வெறும் பேப்பர்னா நீ உனக்கு ஒண்ணு எடுத்துக்க" என்றேன். வைத்த சோற்றைத் தொடாமல் கண்டிக்குப் போய்விட்டான்.

அவன் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. கூரையும் வேண்டும், காசும் இருக்கிறது. ஆனால் எந்தச் சொல் வேண்டாம் என்று நான் அன்று கவுண்டரில் முகத்தைத் திருப்பினேனோ, அதே சொல்லை இப்போது நானே எழுதி, அடியில் கையொப்பமும் வைக்கச் சொல்கிறார்கள். அவரைக் கொண்டுபோனவர்கள் எழுத வேண்டியதை நான் ஏன் எழுதிக் கொடுக்க வேண்டும்?

போர் முடிந்தது. டவுனில் வெடி கொளுத்தினார்கள், ரோட்டில் பாற்சோறு கொடுத்தார்கள். பஸ்ஸுக்குள் நீட்டிய வாழையிலைத் துண்டை நானும் வாங்கினேன், வாங்காமல் இருக்கப் பயம். இனிமேல் பிடித்து வைத்திருக்கிறவர்களை விடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அந்த மாதம் வங்கிக்குப் போனபோது எனக்குக்கூட ஒரு ஆசை ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு மாதத்துக்குள் வங்கியின் உள்ளே எல்லாவற்றையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். குளிர் மெசின், கவுண்டர்களுக்குக் கண்ணாடி. வாசலில் ஒரு பெட்டி இலக்கத் துண்டு கொடுத்தது. நானா ஓய்வு பெற்றுப் போய்விட்டாராம். சுவரில் சிவப்பு எழுத்தில் இலக்கங்கள் மாறிக்கொண்டிருக்க, அதைப் பார்த்துப் பார்த்து ஆட்கள் சத்தமில்லாமல் எழுந்து போனார்கள். என்னுடைய இலக்கம் வந்தது. போனேன்.

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சிங்களப் பிள்ளை. நல்ல பிள்ளை, தமிழும் கொஞ்சம் பேசினாள். என் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இது பழைய புக், பேர் அழிஞ்சிருக்கு. புதுசு தரணும். கம்ப்யூட்டர்ல இனிஷல் மட்டும்தான் இருக்கு. முதலாவது ஆளோட முழுப் பேர் என்ன?"

பைக்குள் தேடினேன். அவருடைய அடையாள அட்டையின் போட்டோக் கொப்பி வீட்டில். தம்பி என்னோடு பேசுவதில்லை. அவள் ஒரு துண்டுக் கடதாசியைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளி, "எழுதிக் குடுங்க அம்மா" என்றாள். பேனாவை எடுத்தேன். எழுதினால் அவள் படித்துக் கம்ப்யூட்டரில் தட்டிவிடுவாள், காரியம் முடிந்துவிடும், இந்தக் கட்டடத்தில் இனி ஒரு நாளும் அந்தப் பெயர் கேட்காது. பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"கேக்கல அம்மா. கொஞ்சம் சத்தமா."

சத்தமாகச் சொன்னேன். நானா கூப்பிடுவது போலவே முழுப் பெயரையும் சொன்னேன். வாழ்க்கையிலேயே முதல் தடவை. எனக்குப் பின்னால் வாங்குகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் எழுந்து வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இந்த இரண்டு வருடமாக வராத அழுகை, அந்தக் குளிர் அறையில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் வந்தது. அந்தப் பிள்ளை பயந்துபோய் எழுந்து நின்றாள்.

"அவரும் வந்திருக்காரா அம்மா? காசு எடுக்கணுமா?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த காசைக் கண்ணாடிக்குக் கீழால் தள்ளினேன்.

"இல்ல மகள். போடத்தான் வந்தேன்."