எடுக்கவா, வேணாமா

ஓ.டி. என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் என் கணவரோடுதான் வந்தது. நாங்கள் இருவரும் கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி அடித்தால் வேலை, பாலை நிறுத்து ஊற்றினால் வீடு. தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டுவிட, நாங்கள் ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்து, அவர் கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்த பிறகுதான் ஓவர்டைமும் எங்களோடு குடித்தனம் பண்ண வந்தது.

அங்கே பீங்கான் கைகள் சங்கிலியில் வரிசையாக நகர்ந்து வரும். ஒவ்வொரு கையிலும் ஒரு கையுறை காய்ந்து ஒட்டியிருக்கும். அதை உருவி எடுப்பதுதான் அவர் வேலை. மூன்று மணிக்கு ஷிப்ட் முடியும்போது சூப்பர்வைசர் ஆள் கேட்பார். என்னைக் கேட்காமல் இவர் தலையாட்ட மாட்டார். போன் வரும். "ஓ.டி. இருக்கு. எடுக்கவா?"

"எடுங்க" என்பேன். அவ்வளவுதான். இருபது வருடமாக நாங்கள் தவறாமல் பேசிக்கொண்டது இது ஒன்றுதான் என்று அக்கம்பக்கத்தில் அவரைக் கிண்டல் பண்ணுவேன். உள்ளூர எனக்கு அது பிடித்திருந்தது.

மகள் வளர்ந்ததும் அவளுக்கும் ஒரு ஓ.டி. வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு ஈப்போ பழைய டவுனுக்குப் போவதற்கு அவர்கள் வைத்த பேர். ஓல்ட் டவுனாம். "ஒங்கப்பா ஓ.டி.ல வேர்வை, ஒன் ஓ.டி.ல ஐஸ் கோப்பியாடி?" என்று திட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே அவள் கையில் எதையாவது திணித்து அனுப்புவார்.

அன்றைக்குத் தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. எண்ணெயில் முறுக்கு வெந்துகொண்டிருந்தபோது போன் வந்தது.

"ஓ.டி. இருக்கு. வலது கை மரத்துப் போன மாதிரி இருக்குலா. எடுக்கவா, வேணாமா?"

வேணாமா என்று அவர் அதுவரை கேட்டதே இல்லை. என் கவனமெல்லாம் முறுக்கு சிவந்துவிடக் கூடாதே என்பதில் இருந்தது. "தூக்கம் பத்தல, அதான். எடுங்க. தீபாவளிக்கு நல்லா படுத்துக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐந்து மணிக்கு அவர் அந்தப் பீங்கான் கைகளுக்குக் கீழே சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மகளிடமும் என்னிடமும் கேட்டார், எப்போது ஆரம்பித்தது என்று. "அஞ்சு மணிக்கு" என்றேன். மூன்று மணியை விழுங்கிவிட்டேன். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, உடனே ஓ.டி.க்குக் கொண்டுபோகிறோம் என்றார்கள். ஆபரேஷன் தியேட்டர் என்று எனக்கும் புரிந்தது. ஆனாலும் என் காதில் விழுந்தது அந்தப் பழைய ஓ.டி.தான். உயிர் பிழைத்தார். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன.

"ஷிப்ட் முடிஞ்ச ஆள மூணு மணிக்கே வீட்டுக்கு விட்டிருக்கலாம், பாவிங்க" என்று மகள் இன்றுவரை தொழிற்சாலையைச் சபிக்கிறாள். அவள் சபிக்கும்போதெல்லாம் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். கோழை நான், வேறென்ன.

இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் மறுபடியும் ஓ.டி. அன்றாட வேலைகளைக் கைக்குத் திரும்பப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி சிகிச்சைக்கு அட்டையில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். கட்டையைக் குழியில் சொருகச் சொன்னார்கள், பாசி கோக்கச் சொன்னார்கள். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிகிச்சை தரும் மலாய்ப் பெண், முன்பு என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாள். சொன்னேன். அடுத்த வாரம் ஒரு பெட்டி கையுறையோடு வந்து, ஒன்றை என்னை மாட்டிக்கொள்ளச் சொன்னாள்.

அவர் முன்னால் கையை நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். பிறகு வலது கை நடுங்கி எழுந்தது. இரண்டு விரல்கள் என் மணிக்கட்டில் கையுறையின் விளிம்பைப் பிடித்தன. பாதிவரை இழுத்தார், மீதியை இடது கை உருவியது. அடுத்த கை வருகிறதா என்று பார்த்தார். அந்தப் பெண் கைதட்டினாள். நான் அடுத்த கையுறையை மாட்டிக்கொண்டு நீட்டினேன்.

அன்றிலிருந்து வீட்டில் மதியம் தோறும் இதுதான். நான் கையை நீட்டுவேன், அவர் உருவுவார்.

போன வாரம் ஒரு நாள், மகளும் பக்கத்தில் இருந்தாள். மூன்று மணி இருக்கும். கடைசிக் கையுறையை மடியில் போட்டுவிட்டு, கோணிய வாயால் அவர் கேட்டார்.

"ஓ.டி... எடுக்கவா?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. மகள் "அப்பா!" என்று கத்திச் சிரித்தாள், அழுதாள்.

"வேணாங்க. வீட்டுக்கு வந்துருங்க" என்றேன். பிறகு மகளைப் பார்த்தேன். "அன்னிக்கும் மூணு மணிக்குக் கேட்டாருடி. கை மரத்துப் போச்சுன்னாரு. நான்தான் எடுங்கன்னேன்."

அவள் சிரிப்பு நின்றது.

அவருக்கு நான் வேண்டாம் என்றது எட்டவில்லை போலிருக்கிறது. அடுத்த கையுறைக்காக என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.